ஆர்கேட் மோடும் அக்கா பையனும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் தங்கமணி பக்கத்துக் கல்யாணங்கள் அதைவிட அதிகம். இன்னிக்கு எழுத வைத்தது ஒரு சண்டை. பயப்படாதீங்க, கேண்டீனில் சாம்பார் சாதத்துக்கு முன்னால் உட்கார்ந்து போட்ட சண்டைதான்.

கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருத்தர் இருக்கார். வயசு முப்பத்தஞ்சு. ஆனா ஃபைட்டிங் கேம் பேச்சு வந்தா பதினஞ்சு. அவர் சொன்னது இது:

"ஒரு ஃபைட்டிங் கேமை அரைகுறையா ரிலீஸ் பண்ணினா என்ன சார் தப்பு? சண்டை போடற பாகம் சரியா இருந்தா போதும். கதை, கம்ப்யூட்டரோட விளையாடறது இதெல்லாம் அப்பளம். அப்பளம் கொஞ்சம் லேட்டா வந்தா யாராவது பந்தியை விட்டு எழுந்து போவாங்களா?"

உதாரணத்துக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-ஐ இழுத்தார். அது அரைகுறையா வந்துச்சுன்னு உலகமே திட்டியது, ஆனா கடைசியில் எழுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் வித்துச்சே, அப்ப என்ன குறைஞ்சு போச்சு என்றார். எனக்கு டக்குனு பதில் வரலை. எனக்கு எப்பவும் பதில் ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வரும். வந்த பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். அதில் என்னைப் பற்றிப் பெருமையாய்ச் சொல்ல ஒண்ணும் இல்லை என்பதை முன்னாடியே சொல்லிடறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வெளிவந்தது 2016 பிப்ரவரி 16. பிளேஸ்டேஷன் 4-லும் கம்ப்யூட்டரிலும். உள்ளே பதினாறு கேரக்டர்கள். சண்டையின் அடித்தளம் பிரமாதம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனா இந்த வரிசை கேம்களில் எல்லாரும் சாதாரணமா எதிர்பார்க்கிற ஒண்ணு, அதாவது கம்ப்யூட்டரோடு ஒவ்வொருத்தனா மோதிக் கடைசியில் பெரிய வில்லனை அடிக்கிற ஆர்கேட் மோட், அதில் இல்லை. சரி, ஆர்கேட் வேணாம், கம்ப்யூட்டரை ஒரு கேரக்டர் எடுக்கச் சொல்லி ஒரே ஒரு ஆட்டம் போடலாமென்றால் அதுவும் இல்லை. வெர்சஸ் என்று போனால் பக்கத்தில் இன்னொரு மனுஷன் இன்னொரு கன்ட்ரோலரோடு உட்கார்ந்திருக்கணும்.

இருந்தவை இவை. ஒவ்வொரு கேரக்டருக்கும் படம் போட்ட குட்டிக் கதை, அதில் ரெண்டு முதல் நாலு சண்டை, ஒவ்வொன்றும் ஒரே ரவுண்டு. சர்வைவல் என்று ஒண்ணு. பயிற்சி அறை. ஆன்லைன். அவ்வளவுதான். சவால்கள் மார்ச்சில் வந்தன. சினிமா மாதிரி எடுத்த பெரிய கதை ஜூன் கடைசியில் வந்தது. கம்ப்யூட்டரோடு ஒத்தைக்கு ஒத்தை விளையாடற வசதி அந்த வருஷம் டிசம்பரில். ஆர்கேட் மோட் எப்ப வந்தது தெரியுமா? 2018 ஜனவரி. ஏறக்குறைய ரெண்டு வருஷம் கழிச்சு!

கேப்காம் நிறுவனம் 2016 மார்ச் முடிவதற்குள் இருபது லட்சம் பிரதிகள் என்று கணக்குப் போட்டிருந்தது. போனது பதினாலு லட்சம். அதே வருஷம் ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ போட்டியில் இந்த ஒரு கேமுக்கு மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் பேர் கொடுத்தார்கள். இறுதிப் போட்டியை அமெரிக்காவில் ஈஎஸ்பிஎன் 2 சேனலில் காட்டினார்கள். தென்கொரியாவின் இன்ஃபில்ட்ரேஷன் ஜெயித்தார்.

ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஏற்கெனவே சண்டை போடத் தெரிஞ்சவங்க கூட்டம் கூட்டமா வந்தாங்க. தெரியாதவங்க வாசலோட நின்னுட்டாங்க. நண்பரோட அப்பளக் கணக்கு இங்கதான் உதைக்குது. அவர் பார்க்கிறது பந்தியில் உட்கார்ந்தவங்களை மட்டும்.

இனி கொசுவத்தி சுத்தறேன்.

1994. மதுரை. எனக்கு வயசு பதிமூணு. எங்க தெருவிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஒரு வீடியோ கேம் கடை. கடை என்றால் பெரிசா கற்பனை பண்ணாதீங்க. ஒரு வீட்டின் முன்ரூம், நாலு மிஷின், ஒரு டேபிள் ஃபேன், ஒரு அண்ணன். ஒரு டோக்கன் ஒரு ரூபாய். நாலு மிஷினில் கூட்டம் நிக்கறது ஒண்ணுலதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காலேஜ் அண்ணன்கள் வருவார்கள். அந்த நேரத்தில் என்னைப் போன்ற சுள்ளான் டோக்கன் போட்டால் அது கோயில் உண்டியலில் போட்ட மாதிரி, திரும்ப வராது. ஒரு அண்ணன் வந்து பக்கத்தில் டோக்கன் போடுவார். நாப்பது செகண்டில் கதை முடிஞ்சுடும். பின்னாடி நிக்கறவங்க சிரிப்பாங்க. "தம்பி, போய் பம்பரம் விடு" என்பார் ஒருத்தர்.

நான் ஏன் போய் பம்பரம் விடலை? காரணம் சனிக்கிழமை காலை. ஒன்பது மணிக்குக் கடை திறக்கும்போது அண்ணன்கள் யாரும் வரமாட்டார்கள். கடைக்கார அண்ணன் ஊதுவத்தி கொளுத்திட்டு இருப்பார். நானும் மிஷினும் மட்டும். ஒரு ரூபாய் போட்டா மிஷின் என்னோட சண்டை போடும். கைலை எடுப்பேன். பின்னால ரெண்டு செகண்ட் பிடிச்சு முன்னால தள்ளிக் குத்தினா சோனிக் பூம். முதல்ல பத்துக்கு ஒண்ணு வரும். அப்புறம் பத்துக்கு மூணு. தோத்தாலும் பார்க்க ஆள் கிடையாது. மிஷின் சிரிக்காது. நடுவில் ஒரு காரை அடிச்சு நொறுக்கச் சொல்லும், அதில் வர சந்தோஷமே தனி. யாருக்கும் வலிக்காம, யார்கிட்டேயும் அடி வாங்காம ஒரு காரை உடைக்கிற சந்தோஷம்.

அந்தக் கேமில் நாம எடுக்கக்கூடிய கேரக்டர்கள் எட்டே எட்டு. மத்த ஏழு பேரை அடிச்சு, அப்புறம் நாலு பெரிய தலைகளை அடிக்கணும், மொத்தம் பதினொரு சண்டை. நான் பதினொண்ணாவது சண்டையைப் பார்க்க மூணு மாசம் ஆச்சு. அந்த மூணு மாசத்துக்கு அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நின்னேன். ஒரு அண்ணன்கிட்ட தோத்தேன், ஆனா ஒரு ரவுண்டு எடுத்துட்டுத் தோத்தேன். பம்பரம் விடச் சொன்ன அண்ணன் ஒண்ணும் சொல்லலை. எனக்கு அது பரமவீர் சக்கரா வாங்கின மாதிரி.

ஆர்கேட் மோட் என்கிறது இந்தச் சனிக்கிழமைக் காலைதான். தனியா, அவமானம் இல்லாம தோத்துப் பழக ஒரு இடம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1, 2, 3, 4 எல்லாமே முதல்ல கடை மிஷினுக்கு வந்து அப்புறம் வீட்டுக்கு வந்தவை. அதனால் இந்தச் சனிக்கிழமைக் காலை தானாகவே கூட ஒட்டிக்கிட்டு வந்துச்சு. கடையில் எதிராளி இல்லாத நேரத்திலும் காசு விழணுமே! அஞ்சாவதுதான் நேரா வீட்டுக்கு வந்த முதல் ஆள். வீட்டில் உண்டியல் கிடையாது. உண்டியல் போனதோட சனிக்கிழமையும் போச்சு. இது என் கணிப்புதான். ஆனா கடையில் நின்ன எவனுக்கும் இது ஆச்சரியமா இருக்காது.

சரி, 2016-க்கு வருவோம்.

பிப்ரவரியில் டிஸ்க் வாங்கிட்டேன். தங்கமணிக்கு விலையைச் சொல்லும்போது கடைசி ஒரு சுழியம் வாய்க்குள்ளேயே நின்னுடுச்சு. ஹி ஹி. என் கைல் அதில் இல்லை, அவர் ஏப்ரல் கடைசியில்தான் வந்து சேர்ந்தார். பரவாயில்லைன்னு ரியூவை வெச்சு ஓட்டினேன். எனக்கு ஆர்கேட் மோட் இல்லாதது பெரிசா உறுத்தலை என்பதையும் சொல்லணும். இருபது வருஷம் அடி வாங்கிப் பழகின உடம்பு. நேரா ஆன்லைன் போயிட்டேன்.

மே மாசம் அக்கா பையன் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்தான். பன்னெண்டு வயசு. நான் அவனை மாப்ளேன்னுதான் கூப்பிடுவேன். எனக்குக் குழந்தைகள் இல்லை. அதனால் அந்த ஒரு மாசத்துக்கு நான் டிசம்பரிலிருந்தே காத்திருப்பேன் என்று சொன்னால் புரியும்னு நினைக்கிறேன். இந்தத் தடவை என் மனசில் ஒரே திட்டம். எனக்கு அந்தக் கடை கொடுத்ததை அவனுக்கு நான் கொடுக்கணும்.

வந்த அன்னைக்கே உட்கார வெச்சேன். பதினாறு பேரையும் காட்டினேன். தல்சீமைப் பார்த்ததும், "இவரு நம்மாளா மாமா?" என்றான். இந்தியாக்காரர், யோகி, தீ கக்குவார், கை ரப்பர் மாதிரி நீளும் என்றேன். அவரைத்தான் எடுப்பேன்னு ஒத்தைக் காலில் நின்னான். புதுசா கத்துக்கறவனுக்கு தல்சீம் ரொம்பக் கஷ்டம். சொல்லலை. ஆசையா எடுத்தவனை எதுக்குத் தடுக்கணும்?

தல்சீம் கதையைப் பத்து நிமிஷத்தில் முடிச்சுட்டான். எதிராளி கம்ப்யூட்டர் அப்படியே நின்னு அடி வாங்கும். "அவ்வளவுதானா மாமா?" சர்வைவலுக்குப் போனான். சுலபமானதில் பத்து சண்டை, அதையும் ஊதித் தள்ளிட்டான். அடுத்த நிலையில் முப்பது சண்டை. இருபது வரைக்கும் தூங்கி வழியற ஆளுங்க, அப்புறம் திடீர்னு பேய் பிடிச்ச மாதிரி அடிக்கற ஆளுங்க. தோத்தா மறுபடி ஒண்ணாம் நம்பரிலிருந்து. ரெண்டு தடவை இருபத்து சொச்சத்தில் செத்தான். மூணாவது தடவை கன்ட்ரோலரைக் கீழே வெச்சுட்டு ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, கம்ப்யூட்டர் கூட சும்மா ஒரு மேட்ச் போடறது எங்க இருக்கு?"

அது இல்லடா என்றேன். அவன் நம்பலை. நான் ஒளிச்சு வெச்சிருக்கேன்னு நினைச்சு மெனு முழுக்கத் தேடினான். நிஜமாவே தேடினான்.

அப்புறம் ஆன்லைன். ரிலீஸ் ஆகி மூணு மாசம் ஆச்சு. கீழ்த்தட்டிலேயே மிச்சம் இருந்தவங்க அவனுக்கு யமனாத் தெரிஞ்சாங்க. ஒன்பது ஆட்டம், ஒன்பதும் தோல்வி. பத்தாவது ஆட்டத்துக்கு அவன் போகலை. "நீங்க வாங்க மாமா, நம்ம ரெண்டு பேரும் விளையாடலாம்" என்றான்.

இங்கேதான் பெருமையில்லாத பகுதி வருது.

நான் அவனை ஜெயிச்சேன். மறுபடி ஜெயிச்சேன். இருபத்து மூணு ஆட்டம். எண்ணி வெச்சது நான் இல்லை, அவன். ஒரு ரவுண்டு கூட விட்டுக்கொடுக்கலை. "விட்டுக்கொடுத்தா கத்துக்கமாட்டான், நானெல்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்" என்று எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பச்சைப் பொய். ஆபீஸில் எவன்கிட்டயும் ஜெயிக்காத ஒருத்தனுக்கு, வீட்டில் பன்னெண்டு வயசுப் பையனை ஜெயிக்கிறது நல்லா இருந்துச்சு. அவ்வளவுதான் விஷயம். நான் அவனுக்குச் சாயங்காலம் ஆறு மணியை மட்டும் கொடுத்தேன். சனிக்கிழமைக் காலையைக் கொடுக்கலை.

இருபத்து மூணாவது ஆட்டம் முடிஞ்சதும் அவன் அழலை, கோவிக்கலை. "நீங்க விளையாடுங்க மாமா, நான் பாக்கறேன்" என்றான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் பார்த்தா என் தங்கமணியோட போனில் கிளாஷ் ராயல் ஆடிட்டு இருக்கான். அது அப்பத்தான் மார்ச்சில் வந்த கேம், அவன் வயசுப் பசங்க எல்லார் கையிலயும் இருந்தது. மூணு நிமிஷ ஆட்டம், அவனைப் போலவே நேத்து ஆரம்பிச்சவன் எதிராளி. தோத்தாலும் முகம் தொங்கலை. லீவு முடியற வரைக்கும் அந்த டிஸ்க் பக்கம் அவன் வரவேயில்லை. அடுத்த லீவுக்கு டியூஷன்னு சொல்லிட்டாங்க.

இப்ப நண்பரின் கேள்விக்கு வர்றேன். லேட்டா வந்தா என்ன? வந்துச்சுல்ல?

கதை கேம்களுக்கு இந்த வாதம் சரி. நோ மேன்ஸ் ஸ்கை 2016-ல் வந்தப்ப வாங்கிக் கட்டிக்கிட்டது. சைபர்பங்க் 2077-உம் 2020-ல் அதே மாதிரி. ரெண்டும் வருஷக்கணக்கா ஒட்டுப் போட்டுத் திருந்தின. இன்னிக்கு வாங்கறவனுக்கு அன்னிக்கு வாங்கினவனைவிட நல்ல சாப்பாடு. லேட்டா வந்ததில் அவனுக்கு நஷ்டமே இல்லை, லாபம்தான்.

ஃபைட்டிங் கேம் அப்படி இல்லை. இங்கே சாப்பாடே எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள்தான். ரிலீஸ் ஆன முதல் சில வாரம் மட்டும்தான் ஒரு அதிசயம் நடக்கும். யாருக்கும் முழுசாத் தெரியாது. தப்புத் தப்பாக் குத்தறவனுக்குத் தப்புத் தப்பாத் தடுக்கறவன் கிடைப்பான். புதுசா வர்றவனுக்குப் புதுசா வந்தவனே துணை. கோயில் தேரில் கிளம்பற நேரத்தில் கயிறைப் பிடிச்சவன் கூட்டத்தோட போயிடுவான். தேர் நாலு வீதி தாண்டினப்புறம் ஓடி வந்து பிடிக்கிறவனுக்கு மூச்சு வாங்கும்.

2018-ல் ஆர்கேட் மோட் வந்தப்ப அது நல்ல ஆர்கேட் மோட். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 1-லிருந்து 5 வரைக்கும் ஒவ்வொண்ணுக்கும் ஆல்ஃபாவுக்கும் சேர்த்து ஆறு பாதை போட்டிருந்தாங்க. ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு இலவசம். குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா அதில் பழகிட்டு ஒருத்தன் ஆன்லைன் போனா அங்க இருக்கிறது ரெண்டு வருஷம் ஊறின ஆளுங்க. கூட வந்திருக்க வேண்டிய புதுசுகள் 2016-லயே வீட்டுக்குப் போயிட்டாங்க. படிக்கட்டைக் கட்டி முடிச்சாச்சு, ஏற வேண்டிய ஆளுங்க தெருவைத் தாண்டிப் போயாச்சு.

அப்ப எழுபது லட்சம்? அது ஏழு வருஷக் கணக்கு. 2018-ல் ஒரு பதிப்பு, 2020-ல் இன்னொரு பதிப்பு, நடுவில் எத்தனையோ விலைக் குறைப்பு. கேம் தப்பிச்சது நிஜம், சந்தோஷம். ஆனா நம்ம கேள்வி கேம் பிழைச்சுதா என்பது இல்லையே. புது ஆள் உள்ளே வந்தானா, வந்தவன் நின்னானா என்பதுதானே? வித்த பிரதியை எண்ணலாம். ஒன்பது ஆட்டம் தோத்துட்டு எழுந்து போனவனை எந்தக் கணக்கிலும் எண்ண முடியாது.

அதுக்காக எல்லாம் முழுசா இருந்தாத்தான் வெளியிடணும்னு நான் சொல்ல வரலை. எது குறையுது என்பதுதான் முக்கியம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் எட்டு பேர்தான்னு மேலே சொன்னேன். 2013 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட வந்த கில்லர் இன்ஸ்டிங்க்ட் இன்னும் மோசம். ஆறே ஆறு கேரக்டர், கதை கிடையாது, ஆர்கேட் கிடையாது. ஆனா ஒரு கேரக்டரை இலவசமாவே கொடுத்தாங்க, பிடிச்சா மத்தவங்களை வாங்கிக்கோன்னாங்க. முதல் நாளே டோஜோ என்று ஒரு பாடசாலை உள்ளே இருந்தது. தடுக்கறது எப்படி என்பதில் ஆரம்பிச்சு ஒவ்வொரு படியா கை பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். நான் பார்த்ததிலேயே உருப்படியான பாடம் அதுதான். ஆள் குறைவு, ஆனா படிக்கட்டு இருந்துச்சு. அஞ்சில் பதினாறு பேர் இருந்தாங்க, படிக்கட்டு இல்லை.

மறுபக்கம் மார்ட்டல் காம்பட்டைப் பாருங்க. 2011-லிருந்து ஒவ்வொண்ணிலும் சில மணி நேரம் ஓடற கதையை முதல் நாளே வெச்சுத்தான் கொடுக்கறாங்க. 2019-ல் வந்த பதினொண்ணாவது பாகம் ஒன்றரைக் கோடிக்கு மேல் போச்சு. வாங்கினவங்க எல்லாரும் ஆன்லைன் வீரர்களா? கிடையாது. கதையை முடிச்சுட்டு அலமாரியில் வெச்சவங்க ஏராளம். அவங்களில் சில பேர் கதை முடிஞ்ச கையோட, "சும்மா ஒரு ஆட்டம் ஆன்லைன்ல போட்டுப் பார்ப்போமே"ன்னு எட்டிப் பார்ப்பாங்க பாருங்க, அவங்கதான் நாளைக்குப் போட்டியில் உட்காரப் போறவங்க.

அதனால நண்பரே, அது அப்பளம் இல்லை. இலை. தட்டைக் கையோட கொண்டு வந்த என்னைப் போன்ற பழைய ஆளுக்கு இலை இல்லாட்டியும் சாப்பாடு ஓடும். வெறுங்கையோட வந்தவனுக்கு முன்னால சாம்பாரைத் தூக்கிட்டு நின்னா அவன் எதில் வாங்குவான்?

மிச்சக் கதையையும் சொல்லிடறேன்.

2018 ஜனவரியில் அந்த அப்டேட் வந்த அன்னைக்கு ராத்திரி அவனுக்கு வாட்ஸப்பில் ஒரு வரி அனுப்பினேன். "மாப்ளே, வந்துடுச்சு!" ரொம்ப நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "எது மாமா?"

நான் பதில் எழுதலை. என்னன்னு எழுதறது? நீ மெனு முழுக்கத் தேடினியே, அது வந்துடுச்சுன்னா? அவனுக்கு அப்ப பதினாலு வயசு. மறந்தே போயிருந்தான். நியாயம்தான்.

2023 ஜூன் 2 அன்னைக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்துச்சு. இந்தத் தடவை கேப்காம் பாடம் கத்துக்கிட்டதுன்னு நல்லாவே தெரிஞ்சுது. பதினெட்டு கேரக்டர், ஆர்கேட் மோட், பாடங்கள் எல்லாம் முதல் நாளே. இதுக்கு மேல, வேர்ல்ட் டூர்னு தனியா ஒரு பெரிய கேமே உள்ளுக்குள்ள. நமக்குன்னு ஒரு உருவம் செஞ்சுக்கிட்டு ஊர் ஊராச் சுத்தி, குருமார்கிட்ட வித்தை கத்துக்கிட்டு, தெருவில் போறவனை எல்லாம் வம்புக்கு இழுக்கலாம். மாடர்ன்னு ஒரு கன்ட்ரோல் வேற. ஹடோகெனுக்கு விரலைச் சுழட்ட வேண்டாம், ஒரே பட்டன். பழைய ஆளுங்க முணுமுணுத்தாங்க. நானும்தான். ஒரு மாசம் போல ஆனப்ப இருபது லட்சம் பிரதிகள் தாண்டிச்சு. அந்த ஆகஸ்ட் ஈவோவில் ஏழாயிரம் பேருக்கு மேல் பேர் கொடுத்தாங்க. 2016-ல் கணக்கு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிச்சே, இப்ப ரெண்டு பக்கமும் ஏறுச்சு.

அந்த ஜூன் கடைசியில் மாப்ளே வந்தான். பத்தொன்பது வயசு, கோயமுத்தூரில் காலேஜ். நாலு நாள் லீவு. நான் வாயையே திறக்கலை. டிவி பக்கத்தில் டப்பா சும்மா கிடந்துச்சு. அவனே எடுத்துப் பார்த்தான், அவனே போட்டான். வேர்ல்ட் டூரில் ஒரு உருவம் செஞ்சான் பாருங்க... முன்வழுக்கை, தொப்பை, தடிமனா ஒரு மீசை. தங்கமணி எட்டிப் பார்த்துட்டு, "யாரு, உங்க மாமாவா?" என்று கேட்க, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவ்வ்வ்வ்.

மூணு நாள் என் தொப்பையோட அவன் ஊர் சுத்தினான். தெரு ரவுடிங்ககிட்ட அடி வாங்கினான், திரும்பப் போய் அடிச்சான். லூக்கிட்ட பாடம் கத்துக்கிட்டான். நான் பக்கத்தில் பேப்பர் படிக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். "அப்படி இல்லடா, இப்படி" என்று நாக்கு நுனி வரைக்கும் வந்ததை எத்தனை தடவை முழுங்கினேன்னு எனக்குத்தான் தெரியும். அது அவனோட சனிக்கிழமைக் காலை. அங்க ஊதுவத்தி கொளுத்தற வேலை மட்டும்தான் எனக்கு.

ஊருக்குக் கிளம்பற நாள் காலையில, பையை எல்லாம் கட்டி வெச்சுட்டு, இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து நீட்டினான்.

"மாமா, ஒரு ஆட்டம் போடலாமா?"

ஏழு வருஷம் கழிச்சு அந்தக் கேள்வி. நான் கைலை எடுத்தேன். அவன் தல்சீமை எடுத்தான், மாடர்ன் கன்ட்ரோலில். நான் ஜெயிச்சேன். ஆனா ஒரு ரவுண்டு அவன் எடுத்துட்டான். சத்தியமா விட்டுக்கொடுக்கலை, அவனே எடுத்தது. அவன் முகத்தைப் பார்த்தேன். 1994-ல் கண்ணாடி பார்த்திருந்தா என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"இருபத்து நாலாச்சு மாமா" என்றான். அவன் மறக்கலை. எண்ணிக்கை மறக்கலை.

அவன் பஸ் ஏறினப்புறம் ரொம்ப நேரம் யோசிச்சேன். கேமை அரைகுறையா வெளியிட்டது புது ஆளுங்களை விரட்டுச்சா என்று கேட்டா, ஆமாம், விரட்டுச்சு என்பேன். ஆனா என் வீட்டுக்குள்ள வந்த ஒரே ஒரு புது ஆள் விஷயத்தில் குறையைத் தூக்கி டிஸ்க் மேல போட எனக்கு வாய் வரலை. அதில் ஆர்கேட் மோட் இல்லை, சரி. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனே? மெதுவா விளையாடி, சோனிக் பூமை ஒவ்வொண்ணா விட்டு, "இதைத் தாண்டிப் பாரு மாப்ளே"ன்னு சொல்லி, பத்தில் மூணு அவன் ஜெயிக்கற மாதிரி அன்னிக்கு நானே ஆர்கேட் மோடா இருந்திருக்கலாம். இருக்கலை.

பன்னெண்டு வயசிலிருந்து பத்தொன்பது வரைக்கும் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடிய லீவு நாட்கள் எத்தனைன்னு நான் எண்ணிப் பார்க்கலை. எண்ணற வேலையை அவன்கிட்டயே விட்டுட்டேன்.

டிஸ்கி: இதை அப்படியே கேண்டீனில் நண்பர்கிட்ட சொல்லலாம்னு போனேன். அவர் பொண்ணுக்கு எட்டு வயசாகுதாம், போன ஞாயிறு முதல் தடவையா கன்ட்ரோலர் கேட்டுச்சாம். "எத்தனை ஆட்டம் போட்டீங்க?"ன்னேன். "பன்னெண்டு சார், ஒண்ணுகூட விடலையே" என்றார் பெருமையா. அவர் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்து நான் சாப்பிட்டேன். மத்த விவரம் நாளைக்குச் சொல்லிக்கலாம்.